தடை போட்ட பிறகுதான் வேலை

அழகு சாதனப் பொருட்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், ஒழுங்குமுறைப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "கிரீமிலும் ஷாம்புவிலும் எதைப் போடக்கூடாது என்று பார்க்கிற வேலை" என்பேன். உடனே அடுத்த கேள்வி வந்துவிடும். "ஐரோப்பாவில் ஆயிரத்து அறுநூறு கெமிக்கலுக்குத் தடையாமே, அமெரிக்காவில் பதினொன்றுதானாமே, நிஜமா?"

எண்ணிக்கை ஏறக்குறைய நிஜம்தான். ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குமுறையில் இரண்டாம் இணைப்புதான் அந்தத் தடைப் பட்டியல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை முதல் வரியிலிருந்து படிக்கச் சொன்னார்கள். எட்டிக்கொட்டை விஷமான ஸ்ட்ரிக்னின், கதிரியக்கப் பொருட்கள், ஆன்டிபயாட்டிக்குகள், டீசல். எந்தப் புத்திசாலி லிப்ஸ்டிக்கில் டீசலைக் கலக்கப் போகிறான் என்று சிரித்தேன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது வரும் சரக்குகள் மட்டுமே பக்கம் பக்கமாகப் போகின்றன. புற்றுநோய் உண்டாக்கும், மரபணுவைக் கெடுக்கும், கருவளத்தைப் பாதிக்கும் என்று ரசாயனங்களுக்கான பொதுச் சட்டம் ஒரு பொருளை வகைப்படுத்திவிட்டால், விதிவிலக்கு வாங்காதவரை அழகு சாதனத்திலும் அதற்கு இடமில்லை. அப்படித்தான் பட்டியல் நீண்டது.

அமெரிக்கப் பட்டியல் குட்டையாக இருப்பதால் அங்கே யாரும் டீசல் பூசிக்கொள்வதில்லை. அங்கே சிக்கல் வேறு. கெட்ட சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறு என்று உத்தரவு போடும் அதிகாரமே, 2022 கடைசியில் புதுச் சட்டம் வரும்வரை, அழகு சாதன விஷயத்தில் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு இல்லை. பட்டியலின் நீளத்தைவிட எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் பட்டது.

ஐரோப்பியப் பட்டியலைப் படிக்கையில் வந்த அந்தச் சிரிப்பு, ஹெக்சாகுளோரோஃபீன் என்ற வரியில் நின்றது. அது ஒரு கிருமிநாசினி. 1972-ல் பிரான்ஸில் குழந்தைகளுக்கான டால்கம் பவுடர் ஒன்றில் அது தவறுதலாக ஆறு சதவீதத்துக்கும் மேல் கலந்துபோனது. 36 குழந்தைகள் இறந்தார்கள். பட்டியலில் அதற்கும் ஒரு வரிதான், டீசலுக்கும் ஒரு வரிதான்.

சரி, பாரபென் கதைக்கு வருகிறேன். தண்ணீர் சேர்ந்த எந்தக் கிரீமும் பதப்படுத்தும் பொருள் இல்லாமல் தாங்காது. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிவிடும். அந்த வேலையைப் பல காலமாக பாரபென்கள் செய்துவந்தன. 2004-ல் மார்பகக் கட்டித் திசுக்களில் பாரபென் இருப்பதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் பயம் அதற்கெல்லாம் காத்திருக்குமா? கடையில் லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர்கள் பாரபென் என்ற சொல்லைக் கண்டதும் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் முகக் கிரீம் ஒன்றிலும் மெத்தில்பாரபென் இருந்தது. மார்க்கெட்டிங்கிலிருந்து ஒரு பையன் வந்து, "சார், ஒரே ஒரு பொருளைத்தானே மாற்றப் போகிறோம்? லேபிளில் 'பாரபென் இல்லாதது' என்று போட்டுவிடலாம்" என்றான்.

மாற்றாக வந்தது மெத்தில்ஐசோதயசோலினோன். வாயில் நுழையாது என்பதால் எல்லோரும் எம்.ஐ. என்போம். பத்து லட்சத்தில் 100 பங்கு வரை போடலாம் என்று விதி அப்போது அனுமதித்தது. நாங்கள் அதற்குள்தான் இருந்தோம். கிருமிப் பரிசோதனையில் கிரீம் அருமையாகத் தேறியது. ஃபைலில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

சில மாதங்களில் புகார்கள் வரத் தொடங்கின. முதல் இரண்டு மூன்றை "எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது" என்று கடந்துபோனோம். அப்புறம் ஒரு பெண்மணி கடிதத்தோடு புகைப்படமும் வைத்து அனுப்பினார். இரண்டு இமைகளும் வீங்கி, கண் ஒரு கோடாகத் தெரிந்தது. இமை ஓரத்தில் தோல் உரிந்து, மாவு ஒட்டினாற்போல் வெளுத்திருந்தது. தோல் மருத்துவர் அவர் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எம்.ஐ. வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்ததாம்.

என்னை உலுக்கியது அந்தப் படமல்ல, கடிதத்தின் கடைசிப் பத்தி. வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்த பிறகு அந்த அறையில் தன்னால் படுக்க முடியவில்லை, முகம் எரிகிறது என்று எழுதியிருந்தார். பெயின்டில் எங்கள் கிரீம் எங்கே வந்தது என்று குழம்பினேன். தேடிப் பார்த்தால், தண்ணீரில் கரையும் சுவர் பெயின்டுகளுக்கும் கெடாமல் இருக்க இதே எம்.ஐ. போடுகிறார்கள். தொடு ஒவ்வாமை ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பாரபென் வேண்டாம் என்று எங்கள் கிரீமைத் தேடி வாங்கியதாகவும் அவர் எழுதியிருந்தார்.

எங்களைப்போல் மாறிய நிறுவனங்கள் நிறைய. 2013-ல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம், அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக எம்.ஐ.யை அறிவித்தது. தோலில் பூசி அப்படியே விடும் பொருட்களில் 2017-லிருந்து ஐரோப்பாவில் அதற்குத் தடை. கழுவிவிடும் பொருட்களில் 2018-லிருந்து 100 என்பது 15 ஆனது. வேடிக்கை என்னவென்றால், ஐசோபியூட்டில்பாரபென் மாதிரி சில வகைகளுக்குத்தான் தடை வந்ததே தவிர, நாங்கள் தூக்கி எறிந்த மெத்தில்பாரபெனுக்கு 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதி உண்டு.

அதன்பிறகு, பட்டியலில் புதுப் பெயர் ஏறினால் அது காலி செய்யும் இடத்துக்கு எது வரப்போகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். மார்க்கெட்டிங் ஆட்களுக்கு இது பிடிப்பதில்லை.

லிலியல் அப்படித்தான் வந்தது. லில்லிப் பூ வாசனை தரும் செயற்கைப் பொருள். ஷாம்பு, கிரீம், சென்ட் என்று எங்கும் இருந்தது. கருவளத்தைப் பாதிக்கக்கூடியது என்று 2020-ல் வகைப்படுத்தினார்கள். 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பாவில் தடை. இருக்கிற ஸ்டாக்கை விற்றுத் தீர்க்கலாம் என்ற சலுகை கிடையாது, அன்று காலை கடை அலமாரியில் ஒரு பாட்டில்கூட இருக்கக்கூடாது.

வாசனைக் கலவைகளில் பல டஜன் பொருட்கள் இருக்கும். சப்ளையர் முழு ஃபார்முலாவைக் காட்ட மாட்டார், அறிக்கைதான் தருவார். எங்களிடம் சுமார் நாற்பது கலவைகள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் சி.ஏ.எஸ். எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. லிலியலின் எண்ணான 80-54-6-ஐக் கணினியில் தேடினோம். சிக்கியவற்றைத் தனியே எடுத்து வைத்தோம். ஒரு கலவை தேடலில் வரவில்லை, ஆனால் முகர்ந்தால் லில்லி. காகிதத்தை எடுத்துக் கண்ணால் படித்தேன். ஏதோ ஒரு வணிகப் பெயர், பக்கத்தில் 80-54-9.

இந்த எண்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். அதை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து முறையே 1, 2, 3, 4 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 4, 10, 0, 32. மொத்தம் 46. அந்த மொத்தத்தின் கடைசி இலக்கம்தான் காவல்காரன். ஆகவே அது 6-ஆகத்தான் இருக்க முடியும், 9 வர வழியே இல்லை. சப்ளையருக்கு போன் போட்டேன். "தட்டச்சுப் பிழை மேடம்... இல்லை, சார்" என்று தடுமாறினார். ஒரே ஒரு இலக்கம். நல்லவேளையாக அந்தச் சரக்கு குடோனை விட்டுக் கிளம்பவில்லை.

மாற்று வாசனைக்கு மூன்று மாதிரிகள் வந்தன. மெல்லிய காகிதப் பட்டைகளில் தோய்த்துக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதுதான் பழைய வாசனைக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் லிலியலின் இடத்தில் என்ன இருக்கிறது, தோல் ஒவ்வாமைக்கு என்ன சோதனை செய்திருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்டேன். பதில் முழுதாக வந்து சேர நான்கு மாதம் ஆனது. வெளியீடு தள்ளிப்போனது. மார்க்கெட்டிங்கில் அந்தப் பையன், இப்போது மேலாளர், கேன்டீனில் பார்த்தும் பார்க்காததுபோல் போனான்.

அந்தக் காகிதப் பட்டையை, பெண்மணியின் கடித நகல் இருக்கும் உறையிலேயே போட்டு டிராயரில் வைத்தேன். இப்போது உறையைப் பிரித்தால் கடிதத்திலும் லில்லி வாசனை.