சில்லறைச் செலவைப் பிடிக்க ஃபோனில் கணக்கு வைத்த அனுபவம்

எங்கள் வீட்டுக்கு மூன்று வழியாகக் காசு வருகிறது. அம்மாவின் தேயிலைத் தோட்டச் சம்பளம் பத்தாம் திகதி வாக்கில் வரும், ஹட்டனில் பாமசியில் வேலை செய்கிற எனக்கு மாதக் கடைசியில், கொழும்பு புறக்கோட்டையில் உடுப்புக் கடையில் நிற்கிற தம்பி அவன் கையில் இருக்கும்போதெல்லாம் ஈசி கேஷில், அதாவது ஃபோன் வழியாகக் காசு அனுப்புகிற சேவையில், அனுப்புவான். வெவ்வேறு நாளில் வந்து வெவ்வேறு கையில் நிற்பதால், மாதம் முடியும்போது எல்லாம் எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும். ஆடம்பரம் பண்ணுகிற வீடு இல்லை எங்களுடையது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்துக்குப் போனது, உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 94.9. அதற்குப் பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், ஆனால் அது விலை ஏறுகிற வேகம் குறைந்த கதைதான், மாவும் பருப்பும் பழைய விலைக்குத் திரும்பவில்லையே. அந்த நேரத்தில்தான் ஒழுங்காகக் கணக்கு வைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கணக்கு எழுத நிறைய ஆப் இருக்கின்றன. ஆனால் நாங்கள் இருக்கிற தோட்ட வரிசை வீடுகளில், லயத்தில், கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் டேட்டா ஒழுங்காக வரும், அம்மாவிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதனால் ஏற்கெனவே கையில் இருந்த ஈசி கேஷையே பிடித்துக்கொண்டேன். டயலொக் ஃபோன் கம்பனி அதை 2012இல் தொடங்கியது, மொபிடெல்காரர்களுக்கு எம்கேஷ் இருக்கிறது. அடையாள அட்டையும் சிம்மும் போதும், வங்கிக் கணக்கு தேவையில்லை. #111# அடித்தால் மெனு வரும், டேட்டா வேண்டியதில்லை, தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. காசு வந்தாலும் போனாலும் திகதியோடு தொகையோடு ஒரு மெசேஜ் வந்து நிற்கும். நான் எழுத மறந்தாலும் அது எழுதி வைத்திருக்கும்.

வரவிலிருந்து ஆரம்பித்தேன். என் சம்பளத்தில் வீட்டுக்கென்று ஒதுக்குவதும் தம்பி அனுப்புவதும் ஒரே நம்பரில் சேரும்படி செய்தேன். அம்மாவின் சம்பளம்தான் கொஞ்சம் சிக்கல். 2024 செப்டம்பரிலிருந்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனபோது, ஆட்கள் அதை முப்பதால் பெருக்கிப் பேசினார்கள். அம்மாவுக்கு எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் வேலை, விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சம்பளம், அதிலும் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் என்று வெட்டுப் போய்த்தான் கைக்கு வரும். ஆகவே சம்பளத் துண்டின் மேலே இருக்கிற தொகையை நான் வரவு என்று எழுதுவதில்லை, கடைசி வரியில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். இதைச் செய்யாமல் பட்ஜெட் போடுகிறவர்களுக்கு மாதாமாதம் துண்டு விழத்தான் செய்யும்.

செலவுக்கு வந்தால், ஃபோனில் கட்ட முடிந்ததை எல்லாம் ஃபோனிலேயே கட்டினேன்: கரண்ட் பில், என் ஃபோனுக்குக் காசு ஏற்றுகிற ரீலோட், ஹட்டன் டவுனில் ஃபோனால் ஸ்கேன் பண்ணிக் கட்டுகிற லங்கா கியூஆர் ஒட்டியிருக்கிற கடைகளில் சாமான். பஸ்ஸுக்கும் தோட்டத்துக் கடைக்கும் மரக்கறிக்காரருக்கும் நோட்டுதான் வேண்டும். இங்கேதான் கணக்கு அறுந்துபோகும். 5,000 எடுத்ததாக ஒரு மெசேஜ் வரும், அந்த ஐயாயிரம் எதற்குப் போனது என்று ஃபோனுக்குத் தெரியாது. ஒரு கொப்பி வாங்கி, காசு எடுக்கும்போதெல்லாம் அந்தத் தொகையை ஒரு பக்கத்தின் தலையில் எழுதி, அது தீரும்வரை கீழே கீழே கழித்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் முடியாமல் அடுத்த தொகை எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அம்மாவுக்கு எழுத வராது, ராத்திரி சோறு ஆக்கும்போது வாயால் சொல்வார், தங்கை எழுதுவாள். அந்த நேரத்தில் சொன்னால்தான் சரியாக வரும், அடுத்த நாள் கேட்டால் பாதி மறந்துபோகும்.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய தொகை மட்டும் பிடிபடாமலே இருந்தது. தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்குகிற கணக்கு. பத்தாம் திகதி சம்பளம் வாங்கியதும் முழுசாகக் கொண்டுபோய்க் கட்டுவோம், அதற்குள் என்ன என்ன இருக்கிறது என்று பார்த்ததே கிடையாது. கடைக் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டபோது முதலாளி, "என்ன தங்கச்சி, நம்மமேல நம்பிக்கை இல்லையா?" என்றார். அம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை, 2022இல் டவுனில் யாருமே கடன் கொடுக்காத நேரத்தில் மாவும் பருப்பும் தந்தவர் அவர், அவரிடம் போய் இப்படிக் கேட்பதா என்றார். உங்கள் கணக்கைச் சரிபார்க்க வரவில்லை முதலாளி, எங்கள் செலவைத் தெரிந்துகொள்ளத்தான் என்று விளக்கிச் சொன்னதும் கொப்பியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய் பிசகு இல்லை அதில். நான் அதை நான்காகப் பிரித்து எழுதினேன்: சமையல் சாமான், சவுக்காரம் போன்றவை, பிஸ்கட்டும் சோடாவும், ரீலோட். ஐம்பதும் நூறுமாக ஆளாளுக்குக் கணக்கில் போட்ட ரீலோட் மட்டும் கரண்ட் பில்லைத் தாண்டியிருந்தது. யாரும் வீணாக்கவில்லை, தம்பியோடு பேச அம்மா போட்டது, ஆன்லைன் வகுப்புக்குத் தங்கை போட்டது, எல்லாமே தேவைதான். ஆனால் துண்டு துண்டாகப் போட்டதில் காசு கூடப் போயிருந்தது. இப்போது மாதத் தொடக்கத்தில் தங்கைக்கு ஒரு முழு டேட்டா பேக்கேஜ் போட்டுவிடுகிறேன், அம்மாவை தம்பியே எடுத்துப் பேசுகிறான்.

கட்டணம் பற்றியும் சொல்ல வேண்டும். காசு எடுக்கும்போது வெட்டுகிற தொகை சின்னதாகத்தான் தெரியும், ஆனால் ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் அது நன்றாகவே ஏறும். மாதம் முழுக்க வந்த மெசேஜ்களில் கட்டணத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். தம்பியிடமும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஈசி கேஷ் காசு எடுக்கப் போன ஒரு கடையில் கட்டணத்துக்கு மேலே இன்னும் 20 ரூபாய் கேட்டார்கள், மெசேஜில் இருந்ததைக் காட்டி இது எதற்கு என்று கேட்டேன், பிறகு அவர்கள் அதை வாங்கவில்லை. மெசேஜை அழிக்காமல் வைத்திருப்பது இதற்கும் உதவும்.

பின் (PIN) இலக்கத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், ஆனால் தோட்டங்களில் வயதானவர்கள் ஃபோனையே கடைப் பையனிடம் நீட்டி இலக்கத்தையும் சத்தமாகச் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அம்மாவுக்கு அந்த இலக்கங்களை விரலால் பழக்கிவிட்டேன், திரையைப் படிக்க வராவிட்டாலும் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். தவறுதலாக உங்களுக்குக் காசு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள் என்று அழுகிற குரலில் கோல் வரும், அதற்கு முன்னால் உண்மை போலவே ஒரு மெசேஜும் வந்திருக்கும். மெசேஜை நம்பாமல் #111# அடித்து மீதியைப் பார்க்க வேண்டும். மீதி கூடியிருக்காவிட்டால் அப்படி ஒரு காசு வரவே இல்லை. கூடியிருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம், கம்பனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

இந்தச் சேவைகள் மத்திய வங்கியின் 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்குக் கீழேதான் நடக்கின்றன, அதனால் அன்றாடச் செலவுக் காசை அதில் வைக்க எனக்குப் பயமில்லை. ஆனால் சேமிப்பை அங்கே விடமாட்டேன், வட்டி சேர்கிற இடம் அது இல்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் செலவும் ஆகிவிடும். கொப்பியில் பக்கம் முடிந்து மிச்சம் நிற்பதை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். ஜனவரியில் தங்கைக்குச் சப்பாத்தும் கொப்பிகளும் வாங்க வேண்டும், இந்த முறை அதற்குக் கடைக் கணக்கைத் தொடத் தேவைப்படாது. அம்மாவின் சீட்டுக் காசு மட்டும் இன்னும் நோட்டாகத்தான் போகிறது, சீட்டுப் பிடிக்கிற அக்காவிடமும் ஈசி கேஷ் நம்பர் கேட்டிருக்கிறேன்.