ஹவானா மைதானக் குறிப்புகள்

பிப்ரவரி 11, ஹவானா

சாயங்காலம் சென்ட்ரல் பூங்காவுக்குப் போனேன். விடுதலைத் தலைவர் ஹொசே மர்த்தியின் சிலை பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அடிதடியோ என்று ஒதுங்கி நின்றேன். கடைசியில் பார்த்தால், பேஸ்பால். இந்த இடத்துக்குப் பெயரே ‘சூடான மூலை’யாம். இங்கே விளையாட்டை ‘பெலோத்தா’ என்கிறார்கள். வெறும் ‘பந்து’. வேறு பந்து எதுவும் கணக்கில் இல்லை போல.

பிப்ரவரி 12, மத்தான்சாஸ்

ஷேர் டாக்ஸியில் முதுகு ஒடிந்தது. பல்மார் தே ஹுன்கோ சின்ன மைதானம். பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் கியூபாவில் பத்திரிகைப் பதிவுள்ள முதல் ஆட்டம் 1874 டிசம்பர் 27 அன்று இங்கேதான் நடந்தது. ஹவானா 51, மத்தான்சாஸ் 9! ஒன்பது இன்னிங்ஸ் ஆட வேண்டியதை, இருட்டிவிட்டதால் ஏழோடு நிறுத்தினார்கள். ஹவானாவுக்கு ஆடிய எஸ்தேபான் பெயான் அதற்குள் அமெரிக்கத் தொழில்முறை அணியில் ஆடித் திரும்பியவர். மூன்று ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். மத்தான்சாஸ் பாவம்.

ஸ்பெயின் ஆண்ட அந்தக் காலத்தில் காளைச்சண்டை ஸ்பெயின்காரர்களுடையது, பேஸ்பால் கியூபர்களுடையது. ஆடுகிறவன் எந்தப் பக்கம் என்று அரசுக்கும் தெரியும். 1878-இல் லீக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான எமிலியோ சபூரின், விடுதலைப் போருக்கு உதவியதற்காக ஆப்பிரிக்கக் கரையிலிருந்த செயுத்தா சிறைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே 1897-இல் இறந்தார்.

பிப்ரவரி 14, ஹவானா

பழைய மைதானமான அல்மெந்தாரெஸ் பார்க்கைத் தேடுவதில் அர்த்தமில்லை, 1926 புயலோடு போய்விட்டது. 1920-இல் அமெரிக்க நட்சத்திரம் பேப் ரூத் வந்து ஆடிய இடம். அந்தப் பயணத்தில் ஒரு நாள் ரூத்தை வைத்துக்கொண்டே கியூபாவின் கிறிஸ்தோபல் தொரியென்தே மூன்று ஹோம்ரன் அடித்தார். கறுப்பர் என்பதால் அமெரிக்கப் பெரிய லீக் அவருக்குக் கதவு திறக்கவே இல்லை.

பிறகு ஒரு பீர் ஆலை முதலாளி கட்டிய லா திரோப்பிக்கல் மைதானம். பேருந்து பிடித்துப் போனேன். இப்போது பெத்ரோ மரேரோ என்று பெயர், ஆடுவது கால்பந்து. ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

இரவு மின்வெட்டு. செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 15, செர்ரோ

இன்று ‘லத்தினோ’, ஹவானாவின் பெரிய பேஸ்பால் மைதானம். ஆட்டம் இல்லாத நாள். வாட்ச்மேன் யோசித்துவிட்டு, சரி, பத்து நிமிடம் என்றார். ஒரு மணி நேரம் இருந்தேன்.

1946 அக்டோபர் 26 அன்று ‘கிரான் ஸ்டேடியம்’ என்று திறந்தார்கள். முதல் ஆட்டத்தில் அல்மெந்தாரெஸ் அணி 9, சியென்ஃபுவேகோஸ் 1. என் மனம் ஸ்கோரில் நிற்கவில்லை. 1955 டிசம்பரில் சர்வாதிகாரி பத்திஸ்தாவுக்கு எதிராக மாணவர்கள் ஆட்டத்தின் நடுவே ஓடிவந்ததும், போலீஸ் தடியால் வெளுத்ததும் இந்தப் புல்லில்தான். டி.வி.யில் நாடே பார்த்தது. 1959 ஜூலை 24 அன்று ஃபிடல் காஸ்ட்ரோ தன் புரட்சித் தோழர்களின் ‘தாடிக்காரர்கள்’ அணிக்காகப் பந்து வீசியதும் இங்கேதான். மறுநாள் ராத்திரி ஹவானா சுகர் கிங்ஸ் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. புரட்சி இயக்கத்தின் நினைவு நாளான ஜூலை 26 பிறந்ததும் கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இறங்கி வந்த குண்டுகள் இரண்டு பேரை உரசின. அவர்களில் ஒருவரான எதிரணிப் பயிற்சியாளர் ஃபிராங்க் வெர்டி தொப்பிக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் கவசத்தால் பிழைத்தார். அடுத்த ஜூலையிலேயே சுகர் கிங்ஸ் அணியை அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். 1961-இல் தொழில்முறை ஆட்டமே ஒழிந்தது. மைதானத்துக்கு ‘லத்தினோஅமெரிக்கானோ’ என்று புதுப்பெயர். 1971-இல் 55,000 பேர் உட்காரும்படி விரிவாக்கினார்கள். 2016 மார்ச்சில் ஒபாமாவும் ராவுல் காஸ்ட்ரோவும் அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் டாம்பா பே அணி கியூபாவை 4–1 என ஜெயித்தது.

அவர்களுக்கெல்லாம் இங்கே சிலை இருப்பதாகத் தெரியவில்லை. காலி வரிசைகளில் ஒரே ஓர் ஆள் மட்டும் வெண்கலத்தில்: அர்மாந்தித்தோ, சத்தம் போட்டே பெயர் வாங்கிய ரசிகர்.

பிப்ரவரி 16

மறுபடியும் சூடான மூலை. அரைகுறை ஸ்பானிஷில் “51–9” என்று சொல்லிப் பார்த்தேன். ஒரே சிரிப்பு. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, மத்தான்சாஸ்காரராம். “அன்றைக்கு இருட்டாமல் மட்டும் இருந்திருந்தால்...” என்று ஆரம்பித்தார்.