கோபால்ட் சங்கிலிக்கு எத்தனை நேரம் நினைவிருக்கும்?

எம்.எஸ்சி. வகுப்பில் ஐசிங் மாதிரி (ஒவ்வொரு அணுவும் மேலோ கீழோ பார்க்கும் குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளும் கணக்கு) நடத்தும்போது ஒரு முடிவைப் பலகையில் எழுதுவேன்: பக்கத்து அணுவோடு மட்டும் உறவாடும் ஒற்றை வரிசை அணுக்கள், சுழி கெல்வினுக்கு (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) மேல் எந்த வெப்பநிலையிலும் நிலையான காந்தம் ஆகா. எர்ன்ஸ்ட் ஐசிங் 1925இல் வெளியிட்டது. எல்லாரும் எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். இந்த முறை பெரம்பூரிலிருந்து வரும் ஒரு மாணவி விடவில்லை. "மேம், பிளாட்டினம் மேல கோபால்ட் சங்கிலி காந்தமாச்சுன்னு படிச்சேனே. அப்போ ஐசிங் தப்பா?"

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அன்றைய பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

ஐசிங் சரிதான். வரிசையில் ஓரிடத்தில் திசை மாறினால் அந்த ஒரு முறிவுக்கு மட்டுமே ஆற்றல் செலவு. வரிசை நீண்டாலும் செலவு கூடாது. முறியக்கூடிய இடங்களோ கூடிக்கொண்டே போகும். அதனால் நீண்ட வரிசை எங்காவது முறிந்தே தீரும்.

2002இல் பியட்ரோ கம்பர்டெல்லாவும் குழுவினரும் நேச்சர் இதழில் எழுதியது இந்தச் சங்கிலியைப் பற்றித்தான். சற்றே சாய்வாக வெட்டிய பிளாட்டினப் படிகத்தின் மேற்பரப்பு, மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கும். ஒரு படியின் அகலம் 2 நானோமீட்டர். ஆவியாக வந்து விழும் கோபால்ட் அணுக்கள் நகர்ந்துபோய்ப் படியோரத்தில் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன. அதை எக்ஸ் கதிரால் அளந்தார்கள். 45 கெல்வினில் சுமார் 15 அணுக்கள் ஒரு கூட்டமாகத் திரும்பின, ஆனால் வெளியிலிருந்து கொடுத்த காந்தப்புலத்தை எடுத்ததும் காந்தம் போய்விட்டது. 10 கெல்வினில் போகவில்லை.

ஏன் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அந்த அணுக்களுக்கு விருப்பமான ஒரு திசை உண்டு. அதிலிருந்து திரும்ப அணு ஒன்றுக்கு 2 மில்லி எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் மிகச் சிறிய அலகு) தேவை, சாதாரண கோபால்ட்டைப் போலப் பல பத்து மடங்கு. 15 அணுக்களுக்கு 30. அந்தக் கூட்டம் நானோ நொடிக்கு ஒருமுறை அந்தத் தடையைத் தாண்டப் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டு மாணவர்களையே கணக்குப் போடச் சொன்னேன். 45 கெல்வினில் சுமார் இரண்டு மைக்ரோ நொடியில் திரும்பிவிடும். 10 கெல்வினில் இரண்டு வாரம் ஆகும்! ஐசிங் சொன்னது போதிய நேரம் விட்டபின் வரும் சமநிலையைப் பற்றி; அந்தச் சமநிலைக்குச் சங்கிலி போய்ச் சேருவதற்குள் அளந்து முடித்துவிடலாம். இந்தக் காலக் கணக்கு அந்தத் தேற்றத்துக்குப் பக்கத்திலேயே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"அப்போ இன்னொரு வரிசை சேர்த்தா இன்னும் உறுதியாகுமா மேம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஆகாது. இரண்டாவது வரிசை ஒட்டியதும் அணு ஒவ்வொன்றின் திசைப் பிடிப்பும் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை வகுப்பில் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.