உறுமலுக்கு முன்னால் செவலை சொன்னதெல்லாம்

செவலை குட்டியிலிருந்து எங்களிடம் வளர்ந்த நாய் இல்லை. கோவில்பட்டி பக்கம் என் மாமனாரின் தோட்டத்தில் மோட்டார் ரூமைக் காவல் காத்துக்கொண்டு, ராத்திரியில் காட்டுப்பன்றி வந்தால் வரப்பு வரைக்கும் விரட்டிவிட்டு வந்து படுக்கும் சிப்பிப்பாறை இன நாய். மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும் அவரும் அத்தையும் செவலையும் ஒரே காரில் மதுரைக்கு எங்கள் வீட்டில் வந்து இறங்கினார்கள். நடுவயதைத் தாண்டிய பெட்டை, அதுவரை கூரைக்குக் கீழே தூங்கியதே கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், யூகேஜி படிக்கும் பையன் ஒருவன்.

வந்த கொஞ்ச நாளிலேயே பையனைப் பார்த்து உறுமினாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தான். அன்று இரவு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. "ரெண்டு தட்டு தட்டி வச்சாத்தான் அடங்கும்" என்றார் அத்தை. மாமா மட்டும், "உறுமுனா நல்லதுதான். சொல்லிட்டுத்தான செய்யிறா" என்றார். அவர் வளர்த்த நாய், விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவர் என் கணவரின் சித்தப்பா. எந்த நாயும் தன்னை ஒன்றும் செய்யாது என்று உறுதியாக நம்புகிறவர். வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார் போல. செவலை மாடிப்படிக்குக் கீழே சாக்கில் படுத்திருந்தாள். அவர் நேராகப் போய் அவள் மேல் குனிந்து தலையைத் தடவினார். அவள் மூக்கை நக்கினாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள், அப்புறம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். "பாத்தியா, எப்படிச் சமத்தா இருக்கா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கையில் பல் பட்டுவிட்டது. ஆழமில்லை. ஆனால் ரத்தம் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அத்தை மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வேண்டாம் என்று தடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வைத்தோம். ரேபிஸ் கிருமிக்கு எதிராக வீட்டில் செய்யக்கூடிய முதல் உதவி அதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது. செவலைக்கு ரேபிஸ் ஊசி போட்டிருந்தது. அந்தக் கார்டையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். தோலில் போடும் ஊசியை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் பொருள்) போட்டார்கள். 'வீட்டு நாய்தானே' என்று இதையெல்லாம் தள்ளிப் போடக் கூடாது.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முதலில் வந்த டிரெய்னர் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்தார். உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்தால் உறுமலை மறந்துவிடும் என்றார். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "உறுமுறத மறந்துட்டா, அடுத்து என்ன செய்யும்?" டிரெய்னரிடம் பதில் இல்லை. அவரை அனுப்பிவிட்டோம்.

கால்நடை மருத்துவரிடம் போனதில் பாதிப் புதிர் அவிழ்ந்தது. செவலைக்கு இரண்டு காதிலும் பூஞ்சைத் தொற்று. தலையைத் தொட்டாலே வலித்திருக்கும். திடீரென்று தொடவிடாமல் சிடுசிடுக்கும் நாய்க்கு முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், காது, பல், இடுப்பு மூட்டு எல்லாம் பார்த்த பிறகுதான் குணத்தைப் பற்றிப் பேசவே வேண்டும் என்றார் டாக்டர். நாயின் நடத்தையைப் படித்த ஒரு பெண்ணின் எண்ணையும் அவரே கொடுத்தார். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டில் சாதாரணமாக நடப்பதை போனில் வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

அந்த வீடியோக்களை அவரோடு சேர்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்ததுதான் எங்களுக்குத் திருப்பம். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் நாய்களின் சமாதான சைகைகளைப் பற்றி எழுதியதையும், பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கென்டல் ஷெப்பர்ட் வரைந்த ஏணிப் படத்தையும் அவர் காட்டினார். ஏணியின் அடிப்படியில் கண் சிமிட்டல், மூக்கை நக்குதல், கொட்டாவி. மேலே போகப் போக முகத்தைத் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, எழுந்து போய்விடுவது, காதைப் பின்னால் மடக்கிப் பதுங்குவது, வாலை ஒடுக்குவது, மல்லாந்து காலைத் தூக்குவது, விறைத்துப்போய் உற்றுப் பார்ப்பது. உறுமல் வருவது இத்தனைக்கும் பிறகு. அதற்கு மேலே காற்றில் கடிப்பது, உச்சியில் கடி.

இதை வைத்துக்கொண்டு சித்தப்பா விஷயத்தை யோசித்தால், செவலை ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறாள். மூக்கை நக்கினாள், முகத்தைத் திருப்பினாள், உறைந்துபோனாள். உறைந்ததைத்தான் அவர் 'சமத்து' என்றார். ஆனால் அவள் உறுமவில்லையே என்று கேட்டேன். பையனிடம் உறுமியபோது வீட்டில் யாராவது அதட்டினீர்களா என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எங்கள் பழமொழி 'குரைக்கிற நாய் கடிக்காது' என்கிறது. குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் உறுமலைத் தண்டித்துத் தண்டித்து அடக்கிய நாய் அந்தப் படியைத் தாண்டி நேராகப் பல்லுக்குப் போகக்கூடும். உறுமல் போனால் பயமோ வலியோ போவதில்லை, எச்சரிக்கை மட்டும்தான் போகிறது. மாமா சொன்னதும் இதுதான், படம் போடாமல்.

ஒரு சைகையை மட்டும் தனியாக எடுத்து அர்த்தம் சொல்ல முடியாது என்பது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. தூங்கி எழுந்து கொட்டாவி விட்டால் அது தூக்கம். பையன் கிட்டே போகும்போது கொட்டாவி வந்தால் அது சங்கடம். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து நாக்கைச் சுழற்றினால் பசி. கையில் ஒன்றுமில்லாமல் ஒருவர் குனியும்போது சுழற்றினால் வேறு. வெயிலில் ஓடிவிட்டு இரைப்பதும், மின்விசிறிக்குக் கீழே வாயோரம் இறுகிப்போய் இரைப்பதும் ஒன்றல்ல. எனக்கு மிகவும் உதவியது கண். தலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரியும். செவலைக்கு அது தெரிந்தால் யாராக இருந்தாலும் விலகிவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமானது.

வாலைப் பற்றித்தான் எல்லோருக்கும் தப்பான நம்பிக்கை. ஆட்டினால் சந்தோஷம் என்கிறோம். உடம்பு முழுக்க நெளிந்து, இடுப்பும் சேர்ந்து ஆடினால் சரி. வால் உயர்ந்து விறைத்து, நுனி மட்டும் வேகமாக அசைந்தால் அந்த நாய் பதற்றத்தில் இருக்கிறது, கிட்டே போகக் கூடாது. மல்லாந்து படுத்தால் வயிற்றைச் சொறியச் சொல்கிறது என்பதும் எப்போதும் உண்மையில்லை. வாய் இறுகி, வால் ஒடுங்கி, உடம்பு விறைத்து மல்லாந்தால் 'என்னை விட்டுவிடு' என்கிறது.

படித்தது பாதி, வீட்டை மாற்றியது மீதி. வெல்டிங் பட்டறையில் சொல்லி மாடிப்படிக்குக் கீழே இடுப்புயர கம்பி கேட் ஒன்று போட்டோம். சாக்கில் இருக்கும்போது செவலையை யாரும் தொடக் கூடாது, கூப்பிட்டு அவளாக வந்தால் மட்டும் தடவலாம். அதுவும் தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மார்பிலோ தோளிலோ மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அவள் நெருங்கி வந்தால் தொடரலாம். உடம்பை உதறிக்கொண்டு போனால் போகட்டும். முதல் நாட்களில் பெரும்பாலும் போய்விடுவாள். சிப்பிப்பாறைகள் பொதுவாகவே ஒட்டி உரசும் சாதி இல்லை. மடியில் ஏறும் நாய் வேண்டுமென்றால் அது செவலை இல்லை என்று நாங்கள் சமாதானமாகிவிட்டோம்.

பையனைப் பழக்குவதுதான் கடினம் என்று பயந்தேன். சின்னக் குழந்தைகளுக்கு நாயின் முகம் படிக்க வராது. பல்லைக் காட்டும் நாய் சிரிக்கிறது என்றே பலர் நினைப்பதாக இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்கின்றன. அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய்க்கு நேராக வருவது முகம். அதனால்தான் குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் படுகிறது. எனவே அவன் அறிவை நம்பி எதையும் விடவில்லை. பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் கேட் திறக்கும். போன் பார்த்துக்கொண்டு அதே ஹாலில் உட்கார்ந்திருப்பது கணக்கில் சேராது (இது என் கணவருக்காக வந்த விதி). பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: தெரியாத நாய் வந்தாலும், செவலை துள்ளினாலும், ஓடாதே, கத்தாதே. கையைக் கோர்த்துக்கொண்டு உன் பாதத்தைப் பார்த்து மரமாக நில். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சராகிவிட்டான்.

காதுக்குச் சொட்டு மருந்து விடுவதுதான் நாங்கள் அதிகம் மெனக்கெட்ட இடம். பிடித்து அமுக்கி ஊற்றலாம், நேரம் மிச்சம். ஆனால் அடுத்த நாள் பாட்டிலைப் பார்த்ததுமே கண்ணில் பிறை தெரியும். அதனால் ஒரு மடித்த துண்டை நாற்காலியில் வைத்து, அதில் தாடையை வைத்தால் அவித்த கோழித் துண்டு என்று பழக்கினோம். தாடை துண்டின் மேல் இருக்கும் வரை என் கை காதை நோக்கி நகரும். தாடையை எடுத்தால் கையும் நின்றுவிடும். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவள் அதிக நேரம் வைத்துக்கொண்டாள். மூடின பாட்டில், திறந்த பாட்டில், காதைத் தொடுவது, ஒரு சொட்டு என்று போய்ச் சேர நாளாயிற்று. அதுவரைக்கும் டாக்டர், கிளினிக்கிலேயே விட்டுவிடும் நீண்டநாள் மருந்தைப் போட்டுச் சமாளித்தார்.

கிளினிக்குக்காக, கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடும் பழக்கினோம். மூஞ்சியை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம் என்றார் அந்தப் பெண். நாய் இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், வாயைக் கட்டிவிட்டால் மதுரை வெயிலில் ஆபத்து. கூடை மாதிரி இருப்பதில் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். கூடையின் உள்ளே தயிரைத் தடவி நீட்டினால் தானாக மூக்கை விடுவாள். வாரை மாட்டுவது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். தெருவில் கூடையோடு நடந்தால் 'கடிநாய்' என்று ஒதுங்குகிறார்கள். எனக்கு அது வசதியாகவே இருக்கிறது, யாரும் குனிந்து தலையைத் தடவ வருவதில்லை.

தீபாவளி எங்களுக்குப் பரீட்சை. பட்டாசு வெடிக்க காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது. எங்கள் தெரு அதைப் பெரிதாக மதிப்பதில்லை. அந்த வாரம் விருந்தாளி வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கும் நாய், வெடிச்சத்தம், புது ஆட்கள், தூக்கமின்மை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறினால் சாதாரண விஷயத்துக்கும் பாய்ந்துவிடும். அந்தப் பதற்றம் உடம்பிலிருந்து இறங்க மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஆகும். அதனால் பண்டிகை முடிந்தும் சில நாட்களுக்குப் பையனுக்கு கேட் திறக்கவில்லை. செவலை உள் அறையில் மாமாவின் கட்டிலுக்கு அடியில், மின்விசிறியும் டிவியும் சத்தமாக ஓட, கிடந்தாள். சித்தப்பா வந்திருந்தார். ஹாலிலேயே உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டுவிட்டு, "அவ நல்லாருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

மாமா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். அறுவடைக்கு முன்னால் ஊருக்குப் போக வேண்டும் என்கிறார், செவலையும் போவாள். கூடையையும் துண்டையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு உரமூட்டை இறக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே போன் செய்யச் சொல்லியாயிற்று. அங்கே மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு கம்பி கேட் போட அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார் வெல்டிங்காரர்.