பொட்டலம் சொன்ன முக்கால் மணி நேரம்

நான் சுட்ட முதல் பிரட்டை அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். "என்ன சாமி, அம்மிக்குக் குழவி சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்றார். கத்தி இறங்கவில்லை. ஊறவைத்து மாட்டுக்குக் கழுநீரோடு கலந்து வைத்தோம். மாடு குறை சொல்லவில்லை.

கடையில் வாங்கிய பிரவுன் பிரட் கலவை அது. அரைக் கிலோப் பொட்டலத்துக்குள்ளேயே ஈஸ்ட் தனி உறையில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும், முக்கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும், 190 டிகிரியில் 35 நிமிடம் சுட வேண்டும். பின்பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. வாரம் இரண்டு முறை இட்லிக்கு மாவாட்டுகிற வீட்டில் இதென்ன பெரிய காரியம் என்று இறங்கினேன்.

அந்த முக்கால் மணி எந்த ஊர்க் கணக்கு என்று பொட்டலம் சொல்லவில்லை. எங்கள் வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள். நான் பிசைந்ததோ ஆடி மாதத்தில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சமையலறைச் சன்னலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறிக்கொண்டிருந்தது. சாரல் வேறு. சித்திரையில் சீக்கிரமே பொங்கி வழியும் இட்லி மாவு ஆடியில் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். இது தெரிந்தும் கடிகாரத்தை நம்பி, உப்பாத மாவை ஓவனுக்குள் தள்ளியது என் தவறு. மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் இரண்டு கைப்பிடி கோதுமை மாவு சேர்த்தது அதைவிடப் பெரிய தவறு.

இரண்டாம் முறை சூடான இடம் தேடி, தென்னை மட்டை எரிக்கும் வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை, எங்கள் பேச்சில் போசியை, வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தேங்காய் வியாபாரி வந்துவிட்டார். எண்ணி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வழிந்திருந்தது. திறந்தால் புளித்த கள் வாடை. வாடை வந்ததில் வியப்பில்லை. கள்ளைப் புளிக்க வைப்பதும் பிரட்டை உப்ப வைப்பதும் ஒரே இன ஈஸ்ட்தான். விரல் பட்டதும் மாவு புஸ்ஸென்று அமுங்கியது. சுட்டதில் நடுவே பள்ளம்.

மூன்றாவது பொட்டலத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். தண்ணீர் விட்டுக் கலந்ததும் பிசையாமல் இருபது நிமிடம் விட்டேன். தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். குடித்து முடித்ததும் பிசுபிசுப்பு பாதி அடங்கிவிட்டது. மாவு சேர்க்கத் தேவையே வரவில்லை. அடுப்பில் தீ அணைந்து சாம்பல் மட்டும் கனன்றபோது, சுவரோரமாகப் போசியை வைத்தேன். ஒரு மணி இருபது நிமிடத்தில் இரண்டு மடங்கானது. டின்னில் போட்டு, விளிம்புக்கு மேலே ஒரு விரல் எழும்பும்வரை காத்திருந்தேன். விரலால் லேசாகக் குத்தினால் குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் நேரமாகவில்லை. நிமிராமலே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. சோம்பலாகப் பாதி மட்டும் நிமிர்ந்தால் ஓவனுக்குப் போகலாம். வெந்த பிரட்டைக் கவிழ்த்து அடியில் தட்டினேன். உள்ளே கூடாக இருப்பதுபோல் டொக்கென்று சத்தம் வந்தது. தேங்காய் தட்டிப் பழகிய காதுக்கு அது போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. உறையின் பொருள் பட்டியலில் முதலில் மைதா, பிறகுதான் கோதுமை மாவு, கடைசி வரியில் 150ஏ. எடை அதிகமானதுதான் பட்டியலில் முன்னால் வரும். 150ஏ என்பது கருக்கிய சர்க்கரை நிறம். என் பிரட்டின் பழுப்பில் எவ்வளவு தவிடு, எவ்வளவு சாயம் என்று யோசித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆறும்வரை பொறுமை இல்லாமல் முதல் துண்டை வெட்டினேன். கத்தியில் களிபோல் ஒட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து வெட்டிய துண்டு பஞ்சாக வந்தது. ஊத்துக்குளி வெண்ணெய் தடவி அமுச்சிக்குக் கொடுத்தேன். காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டு, "உப்புப் பற்றவில்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் மட்டையைத் தள்ளிக்கொண்டே கேட்டார்: "போசி வைக்க இடம் விடட்டுமா, சாமி?"