மெத்தர்ஜின் பத்து ஆம்ப்யூல் வாங்க இரண்டு நடை

மெத்தர்ஜின் என்பது பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி மருந்து. இன்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு), டாக்டர் கையெழுத்து எல்லாம் அரை மணியில் முடிந்தது. மருந்துக் கிடங்கில்தான் வம்பு. காலையிலேயே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்திருந்த ஆம்ப்யூல் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி) அட்டையைத் துணிப்பையில் போட்டு நீட்டினார் அங்கிருந்தவர். "அம்பாசமுத்திரம்தானே சிஸ்டர், ஒண்ணும் ஆகாது, கொண்டுபோங்க."

ஒரு ஆம்ப்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசான மஞ்சள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய மருந்து அது; 2 முதல் 8 டிகிரிக்குள், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். நிறம் மாறினால் வாங்கவே கூடாது. சித்திரை வெயிலில் சேரன்மகாதேவி வழியாக வெறுங்கையோடு திரும்பியாயிற்று.

மறுநாள் வேக்சின் கேரியரோடு (தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர்ப்பெட்டி) போனோம். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் ஆம்ப்யூல் உறைந்துவிடும். வெளியே வைத்து, வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுக்க வேண்டும். இந்த முறை ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் கேரியருக்கு மாற்றச் சொல்லி, பேட்ச் எண் பார்த்த பிறகே கையெழுத்து. வந்ததும் ஐ.எல்.ஆர். எனும் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், அது தடுப்பூசிக்கு மட்டும். லேபர் ரூம் ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில் அல்லாமல் நடுத் தட்டில் வையுங்கள். பிரசவ டிரேயில் நாள்கணக்கில் கிடக்க விடுவதுதான் பல இடங்களில் நடக்கும் தப்பு.

வீரியம் போன மருந்து என்பது இரத்தம் நிற்காதபோதுதான் தெரியும். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் இரத்தக்குழாய்களைச் சுற்றிப் பின்னியிருக்கும் கர்ப்பப்பைத் தசை இறுகினால்தான் அவை நசுங்கி மூடும். மெத்தர்ஜின் அந்தத் தசையை விடாமல் இறுக்கும். குழாய்ச் சுவரையும் சுருக்கும். ஆனால் கர்ப்பப்பையோடு நிற்காது, உடம்பெங்கும் உள்ள தமனிகளையும் சுருக்கும். அதனால் ஊசி எடுக்கும் முன் பி.பி. பாருங்கள். பி.பி. கூடியவர், இதய நோய் உள்ளவர் என்றால் கூடாது. நஞ்சுக்கொடி வெளியேறும் முன்பும் கூடாது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அளவு 0.2 மி.கி. தசையில், 2 முதல் 5 நிமிடத்தில் பிடிக்கும், சுமார் 3 மணி நேரம் நிற்கும்.

பி.பி. உள்ள தாய்க்கு, கர்ப்பப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான ஆக்சிடோசின் 10 யூனிட், தசையில். அதையே இரத்தக்குழாயில் சட்டென்று தள்ளினால் பி.பி. சரிந்துவிடும். இதே வேலைக்கான கார்போப்ரோஸ்ட் ஊசியைக் கையில் எடுத்தால், "இளைப்பு உண்டா?" என்று முதலில் கேளுங்கள், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.