திருநெல்வேலிக்குப் பதினோரு எழுத்து

1992இல் மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். கிளைகளின் சம்பளக் கணக்கை மாதாமாதம் ஃப்ளாப்பி வட்டில் நகலெடுத்து வைப்பது என் வேலை. ஃப்ளாப்பியின் மேலே ஒரு சீட்டு ஒட்டுவோம். உள்ளே, அன்றைய கணினிகளை இயக்கிய டாஸ் மென்பொருளில் ஒரு பெயர் கொடுப்போம். சீட்டு புழுக்கத்தில் உரிந்துவிடும், உள்ளே இருக்கும் பெயர் எங்கும் போகாது. அதனால் அதைத்தான் நம்பினோம்.

அந்தப் பெயருக்கு டாஸ் விட்ட இடம் பதினோரு எழுத்து. திருநெல்வேலியை ஆங்கிலத்தில் எழுதி எண்ணினால் சரியாகப் பதினொன்று வரும். தமிழில் ஆறே எழுத்து, ஆனால் தமிழில் எழுத அப்போது வழியில்லை. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டே போனேன். மாதத்தை எழுத இடமில்லாமல் போனது எனக்கு உறைக்கவில்லை.

ஏப்ரல் கணக்குக்கு, பழைய பிப்ரவரி ஃப்ளாப்பியையே திரும்பப் பயன்படுத்த நினைத்தேன். சீட்டு இல்லாத ஒன்றைப் போட்டு, உள்ளே இருக்கும் பெயரைக் காட்டும் 'வால்' கட்டளையை அடித்தேன். திருநெல்வேலி என்றது. சரி, இதுதான் என்று நகலெடுக்கும் 'காப்பி' கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் கோப்பின் பெயர் ஒன்றேதான்; அன்றைய டாஸ் 'மேலே எழுதட்டுமா' என்று கேட்கவும் கேட்காது. அழிந்தது மார்ச்.

ஆண்டுக் கணக்கு முடிக்க மார்ச் விவரம் வேண்டும். அச்சடித்த சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மறுபடி தட்டினேன். எங்கள் மேலதிகாரி திட்டவில்லை. "தம்பி, பேரு வச்சா அது எந்த மாசம்னு சொல்ல வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். அது இன்னும் வலிக்கிறது.

ஏன் பதினொன்று என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஃப்ளாப்பியின் பெயரையும் டாஸ் கோப்புப் பட்டியலின் ஒரு வரிசையிலேயே எழுதுகிறது. வரிசைக்கு 32 பைட். அதில் கோப்பின் பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று. அந்த எட்டும் மூன்றும் சேர்ந்ததுதான் நமக்குக் கிடைத்த பதினொன்று. சாய்கோடு, புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி எதுவும் கூடாது. கட்டளைகளில் அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. இடைவெளியும் சிறுகோடும் விடலாம்.

மேலதிகாரியோடு உட்கார்ந்து ஒரு முறை வகுத்தோம். ஊருக்கு மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, 03-92 என்று மாதமும் வருடமும், இன்னோர் இடைவெளி, முதல் நகலா இரண்டாம் நகலா என்பதற்கு ஓர் எழுத்து. எண்ணிப் பார்த்தால் அதே பதினொன்று! ஊர்க் குறிகளை ஒரு நீளநோட்டில் எழுதி அலமாரியில் வைத்தோம்.

விண்டோஸ் 95 வந்து கோப்புக்கு 255 எழுத்துவரை பெயர் வைக்கலாம் என்றானபோதும் வட்டின் பெயர் பதினொன்றிலேயே நின்றது. இன்றும் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில் பென் டிரைவை ஃபார்மட் செய்தால் அதே அளவுதான். மாதத்தையும் வருடத்தையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சமுள்ள இடத்தில்தான் பெயரை வைக்கிறேன்.